புழக்கத்தில் உள்ள பழமை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் ஒரு தமிழ் விரிவுரையாளர் பேச எழுந்தால், கடந்த பத்தாண்டுக் கவிதைகளின் போக்கினை ஆராய்வார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நானும் கவிதையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஆயினும், யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் அன்றாடப் பிழைப்புக்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களின் வழியாகவே அதனைப் பேச விரும்புகின்றேன். இதற்குக் காரணம் உண்டு. இளமையில் நான் எழுதிய ஒரு கவிதை, அத்தகைய ஒரு காருக்கு அநீதி இழைத்தது. அந்தக் கடனை இந்த மேடையில் ஓரளவேனும் தீர்க்க எண்ணுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர் இருந்தார். சிறுவர்களாகிய எங்களுக்கு அவர் 'கார்க்கார மாமா'. அவருடையது ஒரு மொறிஸ் மைனர். விடியப்புறம் சுன்னாகம் சந்தைக்கு வியாபாரிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்வார். பகலில் நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வார். மாலையில் கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போவார். அதன் நிறம் யாது என்று கேட்டால் விடை கூறுவது கடினம். ஒரு கதவு பச்சை, மற்றொன்று சாம்பல், மட்காட்டில் பூசிய புட்டியின் மேல் நிறமே இல்லை.

இக்கார்கள் இங்கே நிலைத்தமைக்குக் காரணம் பழமைப் பற்று மட்டும் அன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், 1950களில் வந்திறங்கிய மொறிஸ்களும் ஒஸ்ரின்களுமே திருத்தித் திருத்தி ஓட்டப்பட்டன. பின்னர் போர் வந்தது. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் அரும்பொருளாயிற்று. அப்போது இந்தப் பழைய இயந்திரங்களே எங்களுக்குக் கைகொடுத்தன. அவை அழுத்தம் குறைந்த, எளிய அமைப்புடைய இயந்திரங்கள். ஆகையால் மண்ணெண்ணெயையும் எரித்து ஓடின. குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு முடுக்கி, சூடேறிய பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் நெடியை என் தலைமுறையினர் எவரும் மறந்திருக்க முடியாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்த இரவில் எனக்கு வயது பதினைந்து. கார்க்கார மாமா என் அம்மம்மாவையும், அயல்வீட்டுக் குழந்தைகள் நால்வரையும் காரில் ஏற்றினார். நாங்கள் பின்னால் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மக்கள் நிறைந்து நின்றனர்; கார் ஊர்ந்தது, நின்றது, மீண்டும் ஊர்ந்தது. நீண்ட நேரம் நின்றபோதெல்லாம் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். மண்ணெண்ணெயைச் சேமிக்க அதுவே வழி. ஆனால் ஆறிய இயந்திரத்தை மீண்டும் முடுக்கப் பெற்றோல் துளிகள் வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரு சிறு போத்தல். எத்தனை தரம் நிறுத்தலாம், எத்தனை தரம் முடுக்கலாம் என்று அன்றிரவு முழுவதும் அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்போது போத்தல் வெறுமையாயிற்று. கார் பாலத்தைக் கடந்திருந்தது.

இவ்வளவையும் கண்ணால் கண்ட நான் பின்பு செய்தது என்ன? 2002இல் கண்டி வீதி திறந்து, தெற்கிலிருந்து புதிய வாகனங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழக மாணவியாக ஒரு கவிதை எழுதினேன். துருவேறிய அந்தக் காரை எங்கள் மண்ணின் பிணமாக உருவகித்தேன். ஊர் வாசிகசாலைக் கூட்டத்தில் அதனை வாசித்தபோது கைதட்டல் கிடைத்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கார்க்கார மாமா வாசலில் நின்றார்.

"பிள்ளை, பாட்டு வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் கார் இன்னும் சாகேல்லை. நாளைக்கும் விடியச் சந்தைக்குப் போகவேணும்" என்றார்.

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. ஒரு தகவலைத் திருத்துபவரைப் போலச் சொன்னார். முனைவர் பட்ட ஆய்வின்போது திறனாய்வு நூல்கள் பலவற்றைக் கற்றிருக்கிறேன். அவற்றுள் எதுவும் என் கவிதையின் குறையை இத்துணைச் சுருக்கமாகச் சுட்டியதில்லை. நான் காரைப் பார்க்கவில்லை. துருவை மட்டும் பார்த்தேன். உருவகத்துக்கு அவசரப்பட்டு, பொருளை இழந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பார்க்கப் பழகினேன். ஒரு சிறிய குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறேன். வீதியில் ஓடும் பழைய கார் ஒன்றைக் கண்டால், கண்ட இடம், நேரம், ஏற்றிச்சென்ற பொருள், திருத்திய அடையாளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வேன். அப்பயிற்சி கற்பித்தவற்றுள் மூன்றினை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலாவது, உடலின் அடையாளங்கள். மொறிஸ் மைனரின் பொனற்றை முன்னிருந்து நோக்கினால், நடுவே நெடுகிலும் ஒரு தட்டையான பட்டி தெரியும். அதனை அழகுக்காக வைத்ததாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் உருவான பின்பு அது ஒடுக்கமாக இருப்பதாக உணர்ந்து, அதனை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த நான்கு அங்குலத்தின் தழும்பே பொனற்றின் நடுவில் இருக்கும் பட்டி. 1948இல் வெளிவந்த அக்கார், பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்ற பெருமையைப் பெற்றது. முடிந்ததாகக் கருதிய படைப்பை வெட்டி அகலமாக்கத் துணிந்த அந்தக் கை, திருத்தி எழுதத் தயங்கும் நம் போன்றோருக்கு ஒரு பாடம்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1906இல் சிமிர்னா நகரில் பிறந்த இசிகோனிஸ், 1922இல் போர் அந்நகரை நெருங்கியபோது, பெற்றோருடன் கப்பலேற்றப்பட்டு மோல்ராத் தீவுக்கு இடம்பெயர்ந்தவர். தந்தையார் விரைவில் இறந்துவிட, தாயுடன் இங்கிலாந்து சேர்ந்தார். இடம்பெயரும்போது அவருக்கும் ஏறக்குறைய பதினைந்து வயதுதான். ஊரை விட்டு ஓடிய ஒரு சிறுவன் வளர்ந்து வடிவமைத்த கார், பின்னொரு நாள் என் அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. இதனை நான் எந்தக் கவிதையிலும் கற்பனை செய்திருக்க மாட்டேன். பார்க்கப் புகுந்ததனால் கிடைத்தது.

இரண்டாவது, இலக்கத் தகடு. 1957க்கு முன் பதிவான கார்கள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை. அதன்பின் பதிவானவற்றுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து விதிக்கப்பட்டது. தமிழர் பகுதிகளில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடைபெற்றது. பலர் சிறை சென்றனர். ஆகவே வீதியில் எதிர்ப்படும் பழைய காரின் தகட்டில் உள்ள ஓர் எழுத்து, மொழி அரசியலின் ஒரு பக்கத்தையே சுமந்து செல்கிறது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனைப் படிக்காமல் கடந்து செல்லலாகாது.

மூன்றாவது, திருத்தியவர்களின் கை. 1956 வரையிலான மைனர்களுக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு. 1961 வரையிலானவற்றுக்குக் கதவுத் தூணிலிருந்து கைபோல எழுந்து திசைகாட்டும் சிறு கருவி உண்டு. இன்று அந்தக் கை இருந்த இடம் பெரும்பாலும் தகரத்தால் அடைக்கப்பட்டிருக்கும். விளக்கு வேறொரு வண்டியினுடையது. இருக்கைத் துணி வீட்டுத் தையல். ஒவ்வொரு திருத்தமும் ஒரு தட்டுப்பாட்டின் காலத்தைக் கூறும். உரையாசிரியர்கள் ஒரே நூலுக்குக் காலந்தோறும் உரை எழுதியதைப் போல, கராஜ்காரர்கள் ஒரே காருக்குக் காலந்தோறும் உரை எழுதியிருக்கிறார்கள் எனலாம்.

இவ்வாறு கூறுவதால் வறுமையை நான் அழகாக்குவதாக எவரும் கருதவேண்டாம். இக்கார்களில் ஆசனப் பட்டி இல்லை, தடுப்பு வலு குறைவு, புகை அதிகம். புதியதை வாங்க இயலாமையே பலரைப் பழையதில் இருத்தியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது; விலையோ எளியவர்க்கு எட்டாதது. 2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களும் நினைவில் உள்ளன. தேவையால் நீண்ட ஆயுளை நாம் தெரிவால் நீண்டதாகப் பாடுவதும் ஒருவகைப் பொய்யே.

கார்க்கார மாமா இன்று இல்லை. காரை அவருடைய மகன் ஓட்டுகிறார். சென்ற ஆண்டு, கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஒருவர் அதனை நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார். துருவைச் சுரண்டி, பளபளக்கும் வெள்ளை பூசி, மாலை சூட்டுவார்களாம். "அக்கா, நீங்கள் படிச்சனீங்கள், என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ" என்று மகன் கேட்டார். அவருக்குப் படிக்கும் பிள்ளைகள் இருவர். வெள்ளை பூசினால் அந்த இரவும் மறையும் என்று என் உள்ளம் சொன்னது. ஆயினும் என் நினைவைக் காப்பதற்காக அவர் பிள்ளைகளின் படிப்பை இழக்கும்படி சொல்ல எனக்கு உரிமை இல்லை. "விற்பதானாலும் ஒரு நாள் பொறுங்கோ; முழுவதையும் எழுதிக்கொள்ளுகிறேன்" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் அவருடன் சந்தைக்குப் போய்வந்து எழுதினேன். அவர் இன்னும் விற்கவில்லை. விற்றாலும் அது குற்றமில்லை.

அன்பர்களே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வொரு கவிஞரும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய காரைத் தேடுங்கள். அதில் கூலி கொடுத்து ஏறுங்கள். ஓட்டுநரிடமும் கராஜ்காரரிடமும் அவர்கள் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்புகளை வட்டம் தொகுத்து வைக்கட்டும். காரை நம்மால் காக்க முடியாமற் போகலாம். அதன் பெயர்களையும் கதைகளையும் காக்க முடியும். மொழியும் அந்தக் கார்களைப் போன்றதே. காட்சிக்கு வைத்துத் துடைப்பதால் அது வாழ்வதில்லை. மூட்டை ஏற்றி, அடிபட்டு, திருத்தப்பட்டு, மறுநாளும் சந்தைக்குப் போவதால் வாழ்கிறது.

அதன் பின்னர் கவிதை எழுதுங்கள். எழுதியதை முதலில் அந்த ஓட்டுநருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த திருத்தம் அப்படித்தான் கிடைத்தது.