தேநீர்க் கடையும் கணிப்பொறியும்

  

இந்நாளில் வணிக நிறுவனங்களில் ஒரு பேச்சு ஓயாமல் நிகழ்கின்றது. பழைய அறிக்கை முறையை விட்டுப் புதிய பகுப்பாய்வுப் பொறிக்கு மாறுதல் வேண்டும் என்பதே அப்பேச்சு. விற்றது எவ்வளவு, இருப்பது எவ்வளவு, இழந்தது எங்கே என்று மேலாளர்க்குக் காட்டும் அறிக்கைகள் பழைய பொறியில் நூற்றுக்கணக்கிற் கிடக்கும். அவற்றையெல்லாம் புதியதற்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லுதல் வேண்டும். இத்துறைக்கு 'வணிக நுண்ணறிவு' என்று பெயர் சூட்டி வழங்குகின்றனர். ஆங்கிலப் பெயர்க்கு ஒற்றர் கொணரும் செய்தி என்னும் பொருளும் உண்டு. இவ்விடத்திற்கு அதுவே ஏற்கும். ஆகலின் 'வணிக ஒற்று' என்பது நேரிய சொல்லாகும். நுண்ணறிவு என்பது செய்தியைக் கேட்பவனிடம் இருக்க வேண்டுவது. அதனைக் கொண்டுவரும் பொறியிடம் தேடுதல் வீண்.

அலுவலகக் கணக்கைக் கையினின்று கணிப்பொறிக்கு மாற்றும் இவ்வினையை உலகில் முதன்முதற் செய்து காட்டியவர் யாவர்? படை நடத்திய அரசினர் அல்லர். விண்மீன் ஆய்ந்த அறிஞர் அல்லர். இலண்டன் மாநகரில் தேநீரும் அப்பமும் விற்ற வணிகரே அவர். இலயன்சு என்பது அந்நிறுவனத்தின் பெயர். 1894-இல் பிக்காடில்லித் தெருவில் முதல் தேநீர்க் கடையைத் திறந்த அந்நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 200 கடைகளும், பெரிய உண்டிச்சாலைகளும், மேற்கு இலண்டனில் மாபெரும் அடுமனைகளும் உடையதாய் விளங்கிற்று.

அவர்க்கு நேர்ந்த சிக்கல் எளிதாகத் தோன்றும்; எளிதன்று. ஒரு குவளைத் தேநீரிற் கிடைக்கும் ஊதியம் அரைக்காசு, கால்காசு. அக்குவளைக்குச் சீட்டெழுதி, சீட்டைக் கூட்டி, கூட்டியதைப் பேரேட்டில் ஏற்றுதற்கு ஆகும் செலவு அவ்வூதியத்தையே விழுங்கிவிடும். எழுதாமல் விட்டாலோ, எந்தக் கடை ஈட்டுகிறது, எந்தப் பண்டம் இழக்கிறது என்பது தெரியாது போகும். எண்ணிப் பாராத வணிகமும் கெடும். எண்ணிக்கொண்டே இருக்கும் வணிகமும் கெடும்!

இச்சிக்கலைத் தீர்க்க 1923-இல் சான் சிம்மன்சு என்பார் பணியில் அமர்த்தப்பட்டார். அவர் கேம்பிரிட்சிற் கணக்கியல் பயின்றவர். அவர் மேற்பார்வையில், அலுவல் முறைகளை ஆராய்வதற்கென்றே 1930-களில் ஒரு தனிப் பிரிவு இயங்கிற்று. எழுத்தர் எழுதும் ஒவ்வொரு தாளும் அப்பிரிவின் கேள்விக்கு உட்பட்டது. இத்தாளைப் படிப்பவர் யார்? படித்தபின் அவர் செய்வது யாது? ஒன்றும் செய்யாராயின் இது எழுதப்படுவது எதற்கு? இக்கேள்விகளால் தேவையற்ற தாள்கள் பல ஒழிந்தன. கணிப்பொறி என்னும் சொல்லையே எவரும் அறியாத காலத்தில் நடந்தது இது. பின்னர் நிகழ்ந்த வெற்றியின் வேர் இங்கேதான் இருக்கின்றது. இந்நாளில் மாற்றத்திற்குப் புறப்படும் நிறுவனங்கள் பல, புதிய பொறியை விலைபேசிய பின்னரே இக்கேள்விகளைக் கேட்கத் தொடங்குகின்றன. அதற்குள் எவரும் படியாத அறிக்கைகளும் வண்டியேறிப் புதுவீடு புகுந்துவிடுகின்றன.

பொறி வந்த கதையைச் சுருங்கச் சொல்லலாம். 1947-இல் தாம்சன், சிடாண்டிங்போர்டு என்னும் அலுவலர் இருவர், அலுவலக முறைகளைக் கண்டுவர அமெரிக்கா சென்றனர். ஆங்குப் பிரின்சுடனில் கோல்டுசுடைன் என்னும் கணக்கியலறிஞரைக் கண்டனர். அவர் சொல்லித்தான், தம் நாட்டுக் கேம்பிரிட்சிலேயே மாரிசு வில்க்சு என்பார் அத்தகைய பொறி ஒன்றைக் கட்டிவருவது அவர்கட்குத் தெரிந்தது! கடல் கடந்து சென்று அண்டை வீட்டுச் செய்தியைக் கேட்டு வந்தனர். இலயன்சு நிறுவனம் வில்க்சின் பணிக்குப் பொருளுதவி செய்து, தன் பணியாளர் ஒருவரையும் துணைக்கு அனுப்பியது. 1949 மே திங்களில் கேம்பிரிட்சுப் பொறி இயங்கிற்று. அதனை அடியொற்றிச் சான் பிங்கர்ட்டன் என்னும் பொறியறிஞரைக் கொண்டு இலயன்சு தன் பொறியைத் தானே கட்டியது. விலைக்கு வாங்கலாமெனின் விற்பார் அப்போது இலர். ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழல்களும், நினைவுக்கென இதள் (பாதரசம்) நிரப்பிய குழாய்களும் கொண்டு ஓர் அறையையே அடைத்து நின்ற அதற்கு 'இலியோ' என்று பெயர்.

பொறி ஆயத்தமானதும் அவர்கள் செய்தது யாது? எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் அதன் தலையில் ஏற்றினார்களா? இல்லை. சிறியதொரு பணியைத் தேர்ந்தெடுத்தனர். அடுமனைகளிற் கிழமைதோறும் உருவான அப்பம், இனிப்பப்பம், ஊன்பணியாரம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு, ஆக்கச் செலவையும் விற்பனை மதிப்பையும் கணக்கிடும் மதிப்பீட்டு அறிக்கை அது. உள்ளே இட வேண்டிய தரவு சிறிது, கணக்கீடு மிகுதி. ஒரு கிழமை பிழைத்தாலும் பசித்திருப்பவர் எவரும் இலர்; கைக்கணக்காற் சரிசெய்துகொள்ளலாம். 1951 நவம்பர்த் திங்களின் இறுதியில் அவ்வறிக்கை பொறியில் ஓடிற்று. அதன்பின் கிழமைதோறும் ஓடிற்று. வணிக நிறுவனமொன்றின் அன்றாட அலுவலைக் கணிப்பொறி தொடர்ந்து செய்தது உலகில் அதுவே முதன்முறை.

சம்பளக் கணக்கோ அவ்வாறு எளிதில் மாற்றத்தக்கதன்று. அடுமனையில் மாவு பிசைபவனின் வீட்டு அடுப்பு வெள்ளிக்கிழமை உறையை நம்பியே எரிகின்றது. உறையிற் காசு குறைந்தால் 'பொறி புதிது, பொறுத்திரு' என்று அவன் மனைவியிடம் யார் போய்ச் சொல்வது? கணக்கும் கடுமையானது. 12 பென்சு ஒரு சில்லிங்கு, 20 சில்லிங்கு ஒரு பவுன் என்னும் கோணல் நாணய முறை; 1944 முதல் நடப்பிலிருந்த, கிழமைக்குக் கிழமை தொடர்ந்து கூட்டிவரும் வருமான வரி; காப்பீட்டுப் பிடித்தம். இவை அனைத்தையும் இரண்டே இலக்கம் அறிந்த பொறிக்குக் கற்பிக்க வேண்டும். தேர்ந்த எழுத்தர் ஒருவர் ஓர் ஆளின் சம்பளத்தைக் கணக்கிட 8 மணித்துளி ஆகும். பொறிக்கு ஒன்றரை நொடி போதும். அவ்வளவு விரைவு கையில் இருந்தும் அவர்கள் விரையவில்லை. எழுத்தரும் பொறியும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டனர். இரண்டும் ஒத்துப் பார்க்கப்பட்டன. 1954-இன் தொடக்கத்திலேதான் பழைய கைக்கணக்கு நிறுத்தப்பட்டது.

ஒற்றன் ஒருவன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே கொள்ளுதல் வேண்டும் என்று 'ஒற்றாடல்' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தாரன்றோ? அம்முறையே இது. இந்நாளிற் பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் சில திங்கள் இணையாக ஓடுதல் வேண்டும் என்று பணியாளர் கேட்டால், இரட்டைச் செலவு என்று முகஞ்சுளிக்கும் மேலாளர் பலர். இரண்டு தொகைகள் மாறுபடும்போது பிழை புதியதிலேதான் இருக்கும் என்பதும் இல்லை. பல்லாண்டு பிழையாகவே கூட்டிவந்த பழைய அறிக்கை அப்போதுதான் பிடிபடும். அதனை ஒப்புக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும்.

1954-இல் தேநீர்க் கடைகளின் பணி பொறிக்கு வந்தது. சிம்மன்சின் பயிற்சி எத்தகையது என்பதை இங்கே காணலாம். அதுவரை ஒவ்வொரு கடைத் தலைவியும் மறுநாளைக்கு வேண்டும் பண்டங்கள் அனைத்தையும் நாள்தோறும் தாளில் எழுதி அனுப்பிவந்தார். அத்தாளையே பொறிக்கு மாற்றியிருந்தால் 'புதுமை செய்தோம்' என்று சொல்லிக்கொள்ளலாம், பயன் சிறிதே. அவர்கள் தாளை மாற்றாமல் கேள்வியை மாற்றினார்கள். திங்கட்கிழமைக்கு இன்னது, செவ்வாய்க்கு இன்னது என்று கடைதோறும் ஒரு நிலையான பட்டியலை வகுத்துப் பொறிக்குக் கொடுத்தனர். தலைமையிடத்துப் பெண்கள் குறித்த வேளையில் தொலைபேசியில் கடைத் தலைவியை அழைத்து, 'நாளைக்கு மாற்றம் உண்டா?' என்று மட்டும் கேட்பர். சொல்லும்போதே மாற்றம் அட்டையில் துளையாகப் பதியும். பொறி அதனைக் கொண்டு எந்த வண்டியில் எந்தக் கடைக்கு எத்தனை அப்பம் ஏற்ற வேண்டும் என்பதை அச்சிட்டுத் தரும். மேலாளர்க்கும் எல்லா எண்களையும் கொட்டிக் குவிக்கவில்லை. எதிர்பார்த்ததினின்று பிறழ்ந்தவற்றையே எடுத்துக் காட்ட வேண்டும் என்பது சிம்மன்சின் கொள்கை.

இப்பணிகளுக்கெல்லாம் முறை வகுத்தவர் டேவிடு கேமினர். அலுவல் நடைமுறையை நேரிற் கண்டறிந்தவர் அவர். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். ஒருவர் எழுதிய கட்டளைத் தொடரை மற்றொருவர் படித்துப் பார்த்து ஒப்பிய பின்னரே பொறியில் இடவேண்டும் என்பது அவர் விதி. கடுமையான ஆசிரியர் அவர். அவரிடம் பயின்றோருள் மேரி கூம்சு என்னும் அம்மையார் குறிக்கத்தக்கவர். அந்நிறுவனத்திலேயே அலுவல் பார்த்துவந்தவர்; அகத்தேர்வில் வென்று 1952-இல் இலியோவிற் கட்டளை எழுதச் சேர்ந்தார். வணிகக் கணிப்பொறிக்கு நிரல் எழுதிய முதற்பெண் என்று போற்றப்பெறும் அவர், பின்னாளிற் பள்ளியாசிரியராகவும் பணியாற்றி 2022-இல் மறைந்தார்.

ஒன்றை இடையே சொல்லாமற் போதல் தகாது. இலண்டன் குவளைகளிற் கொதித்த தேயிலையில் ஈழத்து மலையகத் தேயிலையும் இருந்தது. அதனைக் கிள்ளிய கைகள் தமிழ்க் கைகள். இலியோ உருவாகிக்கொண்டிருந்த 1948-ஆம் ஆண்டிலேதான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பொறி அப்பத்தை எண்ணிற்று, தேநீரை எண்ணிற்று. கொழுந்து கிள்ளியவளின் கூலி எவ்வளவு என்று அதனை எவரும் கேட்கவில்லை. அது சொல்லவும் இல்லை.

இலயன்சின் வெற்றியைக் கண்டு பிறரும் தம் கணக்கை அப்பொறியிற் போட்டுத்தர வேண்டினர். போர்டு உந்துவண்டித் தொழிலகத்தின் சம்பளக் கணக்கும் அங்கே போடப்பட்டது. 1954-இல் பொறி கட்டி விற்பதற்கெனத் தனி நிறுவனமே தோன்றிற்று. ஆயினும் பொறி வணிகத்திற்கு வேண்டிய பெருமுதல் தேநீர் வணிகத்தின் தோளுக்கு மிகுசுமையாயிற்று. 1963-இல் அந்நிறுவனம் வேறொரு மின்பொறி நிறுவனத்தோடு இணைந்தது. முதல் இலியோ 1965-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே அதன் பணிகளை இலியோவின் இளைய பொறிகள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டிருந்தன.