பனிக்கட்டிக்கு அடியில் ஒன்பது நிமிடம்

போன மாசம் ஒரு போட்டோ போட்டிருந்தேன். வெள்ளையா ஒரு ஏரி, நடுவுல கறுப்பா ஒரு முக்கோணம், அதோட ஓரத்துல இடுப்புல ஆரஞ்சு கயிறு கட்டிக்கிட்டு நான். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி "ப்ரோ, செம தைரியம்". மீதி பாதி "உனக்கென்ன பைத்தியமா?" ரெண்டாவது கோஷ்டியில எங்க அம்மாவும் உண்டு. உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு என்னை அந்தத் தண்ணிக்குள்ள இறக்கினது கூச்சம். நாலு பேர் முன்னாடி "எனக்கு முடியாது"ன்னு சொல்ல வாய் வராத அந்தக் கூச்சம். இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

வேலை விஷயமா ஹெல்சிங்கி வந்து மூணு வருஷம் ஆச்சு. ஃபின்லாந்துல சுமார் 1,88,000 ஏரிகள் இருக்கு. குளிர்காலத்துல எல்லாம் உறைஞ்சு போகும். அதுக்காக இவங்க ஏரியை விட்டுவைக்கிறது இல்லை. மேல நின்னு ஸ்கீ பண்றாங்க, துளை போட்டு மீன் பிடிக்கிறாங்க, பெரிய ஓட்டையா வெட்டி அதுல இறங்கிக் குளிக்கிறாங்க. அந்த ஓட்டைக்கு 'அவந்தோ'ன்னு பேர். நெட்ஃபிளிக்ஸ்ல 2022-ல வந்த 'ஹோல்ட் யுவர் ப்ரெத்: தி ஐஸ் டைவ்' படத்தைச் சில பேர் பார்த்திருப்பீங்க. யோஹன்னா நூர்ட்ப்ளாட் 2021 மார்ச்ல, வெறும் நீச்சல் உடையில, ஒரே மூச்சுல ஐஸுக்கு அடியில 103 மீட்டர் நீந்தினாங்க. அது வேற லெவல். நான் சொல்றது சிலிண்டர் மாட்டிக்கிட்டு, தண்ணி உள்ள வராத ட்ரை சூட் போட்டுக்கிட்டு, கயிறு கட்டிக்கிட்டு இறங்குற ஸ்கூபா. ஹீரோயிசம் கம்மி, மூட்டை முடிச்சு ஜாஸ்தி.

இங்க இதைப் பெரும்பாலும் உள்ளூர் கிளப்கள்தான் நடத்துது. டைவர்களோட தேசிய சங்கம் 1956-லேயே ஆரம்பிச்சது. கிளப்னதும் ரிசார்ட் மாதிரி நினைச்சுக்காதீங்க. எங்க கிளப்னா ஒரு அண்டர்கிரவுண்ட் ரூம், அதுல காத்து நிரப்புற ஒரு பழைய கம்ப்ரஸர், ஒரு ட்ரெய்லர், எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கிற ஒரு காபி மெஷின். அவ்வளவுதான். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஃபின்னிஷ்ல 'தல்கோத்'னு ஒரு சொல் உண்டு. ஊர் கூடி ஒரு வேலையை முடிக்கிறது. கூலி கிடையாது, சூப்பும் காபியும் உண்டு. நம்ம ஊர்ல கல்யாண வீட்டுல காய் நறுக்க அக்கம்பக்கம் எல்லாரும் வந்து உக்காருவாங்களே, அந்த மாதிரி.

ஐஸ் டைவ் முழுக்க முழுக்க தல்கோத். அந்தச் சனிக்கிழமை லோஹ்யா பக்கம் ஒரு ஏரிக்கு பன்னிரண்டு பேர் போனோம். தண்ணிக்குள்ள இறங்கப்போறது நாலே பேர். வெளியில மைனஸ் 14 டிகிரி. முதல்ல துளை போட்டு ஐஸோட கனத்தைப் பார்த்தோம்: 35 சென்டிமீட்டர். அப்புறம் பக்கத்துக்கு 2 மீட்டர் வச்சு ஒரு முக்கோணம் வரைஞ்சு வெட்ட ஆரம்பிச்சோம். ஏன் முக்கோணம்? வட்டமோ சதுரமோ வெட்டுறதை விட வேலை கம்மி. அதோட மேல வர்றப்போ மூலையில ரெண்டு பக்கமும் கையை ஊனி நிக்கலாம்.

இதுல எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. வெட்டின அந்தக் கட்டி 550 கிலோவுக்கு மேல. யாராலயும் தூக்க முடியாது. ஆனா ஐஸ் மிதக்குற பொருள், தண்ணியை விட எட்டு சதவீதம் லேசு. அதனால அதைத் தண்ணிக்குள்ள அழுத்த சுமார் 50 கிலோ எடை போதும். ஒருத்தர் ஏறி நின்னா போதும்ங்கிற அளவு. கழியால அழுத்தி, பக்கத்துல இருக்கிற ஐஸுக்கு அடியில தள்ளி விட்டுடுவாங்க. காலேஜ்ல ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நாலு தடவை எழுதியிருக்கேன். புரிஞ்சது அன்னைக்குத்தான்.

அடுத்தது ஓட்டையைச் சுத்திப் பனியை வாருற வேலை. சக்கரத்துல ஆரம் இருக்குமே, அது மாதிரி ஓட்டையில இருந்து வெளிய நோக்கி நேர்கோடா வழிச்சு விடணும். பனி மூடின ஐஸ் வழியா வெளிச்சம் அவ்வளவா போகாது, வழிச்ச இடத்துல போகும். கீழ இருந்து பார்த்தா அந்த வெளிச்சக் கோடெல்லாம் ஓட்டை எந்தப் பக்கம்னு காட்டும். மூணு மணி நேரம் மண்வெட்டி பிடிச்சிருக்கேன், நடு முதுகு வரைக்கும் வேர்வை. இவ்வளவும் யாரோ நாலு பேர் அரை மணி நேரம் தண்ணிக்குள்ள இருக்கிறதுக்காக.

அதுக்கு முந்தின ரெண்டு வாரமும் நான் டெண்டர். ரோடு போடுற டெண்டர் இல்லைங்க. டைவரோட கயிறைப் பிடிச்சுக்கிட்டு மேல நிக்கிறவருக்கு அந்தப் பேர். ஐஸ் டைவுக்குப் புதுசா வர்றவங்க எங்க கிளப்ல முதல்ல கயிறுதான் பிடிக்கணும். கயிறு வழியாத்தான் பேச்சு. ஒரு இழுப்புன்னா "நல்லா இருக்கியா?" கீழ இருந்து ஒரு இழுப்பு வந்தா "நல்லா இருக்கேன்". ரெண்டுன்னா கயிறு விடு. மூணுன்னா திரும்பு. விடாம இழுத்துக்கிட்டே இருந்தா வெளிய எடு. இந்தக் கணக்கு கிளப்புக்குக் கிளப் கொஞ்சம் மாறும். ரெண்டு தடவை கேட்டும் பதில் வரலைன்னா டெண்டர் யோசிக்கக்கூடாது, இழுத்துடணும்.

இன்னொருத்தர் முழு கிட்டோட ஓட்டைப் பக்கத்துல உக்காந்திருப்பார், ஸ்டாண்ட்பை டைவர். அவரோட கயிறு மத்தவங்க கயிறை விட நீளம். ஏன் தெரியுமா? கீழ யாராவது கயிறைத் தொலைச்சுட்டா, அவர் தேடி அலையக்கூடாது. நேரா மேல வந்து ஐஸைத் தொட்டுக்கிட்டு, செங்குத்தா அப்படியே நிக்கணும். ஸ்டாண்ட்பை டைவர் இறங்கி, கயிறு விறைப்பா இருக்க, ஐஸுக்குக் கீழயே பெரிய வட்டமா நீந்துவார். அந்தக் கயிறு கடிகார முள் மாதிரி சுத்தி வந்து நிக்கிற ஆள் மேல இடிக்கும். ஒரு நல்ல அல்காரிதம் மாதிரி இருக்குல்ல? ஆனா முன்நிபந்தனை, தொலைஞ்ச ஆள் பதறாம நிக்கணும்.

இப்போ குளிரைப் பத்தி. தண்ணி வெப்பத்தைக் கடத்துற திறன் காத்தை விட சுமார் 25 மடங்கு. தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்ப அடர்த்தி, அதனால அந்தத் தண்ணி அடியில தங்கிடும். ஐஸை ஒட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். அதுக்குத்தான் ட்ரை சூட், உள்ள கம்பளி. ஆனா மனுஷனை விட முதல்ல உறையுறது ரெகுலேட்டர். சிலிண்டருக்குள்ள காத்து 200 பார்ல இருக்கும். அதை ரெகுலேட்டரோட முதல் பகுதி 10 பார் பக்கமா இறக்கும். சைக்கிள் டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டா வர்ற காத்து சில்லுன்னு இருக்கும்ல, அதே கதை, பல மடங்கு. சுத்தி இருக்கிற தண்ணி அதுமேல உறைஞ்சு வால்வைத் திறந்தபடியே பிடிச்சுக்கும். அப்புறம் காத்து நிக்காம கொட்டும். 12 லிட்டர் சிலிண்டர்ல 2,400 லிட்டர் காத்து. கேட்க நிறைய, கொட்ட ஆரம்பிச்சா சில நிமிஷம். அதனால ரெண்டு வால்வு, ரெண்டு ரெகுலேட்டர். ஒண்ணு கொட்டினா, தலைக்குப் பின்னாடி கையை விட்டு அந்த வால்வை மூடிட்டு அடுத்ததுல மூச்சு விடணும். இடது வால்வுக்கு இடது கை, வலதுக்கு வலது கை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

என் முறை வந்தது. கிட் மாட்டினா நாப்பது கிலோவுக்கு மேல. ஓட்டை ஓரத்துல உக்காந்து காலைத் தண்ணியில விட்டேன். கண்ணாடியைத் தண்ணியில அலசினேன். அப்போ இடது மணிக்கட்டுல, ஊசி குத்தின மாதிரி ஒரு சொட்டு.

கையுறைக்குள்ள போட்டிருந்த கம்பளியோட ஒரு நூல், மணிக்கட்டு வளையத்துல மாட்டியிருக்கு. அந்த நூல் வழியா தண்ணி வருது. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சரி பண்ண என்ன ஆகும்? கிட் கழட்டி, கையுறை கழட்டி, துடைச்சு, திரும்ப மாட்ட இருபது நிமிஷம். என்னோட ஜோடியா இறங்கப்போறவர் ஏற்கனவே தண்ணிக்குள்ள. என் கயிறைப் பிடிச்சிருந்தது அறுபதைத் தாண்டின ஒரு அம்மா, ரிட்டயர்டு நர்ஸ், காலையில இருந்து அந்த ஐஸ் மேல நிக்கிறாங்க. பன்னிரண்டு பேர் எனக்காகவும் சேர்த்து வெட்டின ஓட்டை. விருந்துக்குக் கூப்பிட்டு, அடுப்புல நின்னு சமைச்சுப் போட்ட வீட்டுல "சாம்பார்ல உப்பு இல்லை"ன்னு யாராவது சொல்வோமா? "சின்ன லீக்தானே"ன்னு நினைச்சு ஓகே சைகை காட்டிட்டு இறங்கிட்டேன்.

கீழ எப்படி இருந்ததுன்னு கேட்டா, முதல் நாலு நிமிஷம் சொர்க்கம். குளிர்காலத்துல பாசி இல்லை, காத்து அலைக்கிறதும் இல்லை, அதனால தண்ணி கண்ணாடி. தலைக்கு மேல ஐஸ் வெளிர் பச்சையா ஒளிருது. நாம விடுற மூச்சுக் குமிழி மேல போய் ஐஸ்ல முட்டி, பாதரசம் கொட்டின மாதிரி தட்டையா ஓடுது. நாங்க வழிச்ச வெளிச்சக் கோடுகள் எல்லாம் அந்த முக்கோணத்துக்குப் போகுது. என் முதுகுவலி அங்க மேல கோடு கோடா தெரிஞ்சது.

ஆறாவது நிமிஷம் இடது கை விரல்கள் வலிச்சது. ஏழாவது நிமிஷம் வலி நின்னுடுச்சு. நிம்மதியா இருந்தது. அது தப்பான நிம்மதின்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. கயிறு என் இடது கையில இருக்கு. கண்ணால பார்த்தா பிடிச்சிருக்கேன், ஆனா பிடிச்சிருக்கிறது தெரியலை. சும்மா ஒரு சந்தேகத்துல, தலைக்குப் பின்னாடி இடது வால்வைத் தொட்டுப் பார்ப்போம்னு கையைத் தூக்கினேன். கை போச்சு. விரல் எங்க இருக்குன்னு தெரியலை. வால்வைத் தொட்டேனா, சிலிண்டரைத் தொட்டேனா, ஒண்ணும் தெரியலை. இப்போ இந்த ரெகுலேட்டர் உறைஞ்சா என்னால மூட முடியாது. ஓட்டை இருபது மீட்டர் தள்ளி. அப்போதான் நிஜமாவே பயந்தேன்.

அந்தக் கலவரத்துல, மேல இருந்து வந்த ஒரு இழுப்பை நான் கவனிக்கலை. ரெண்டாவது இழுப்பும் வந்திருக்கு. அப்புறம் என் உடம்பு தானா நகர ஆரம்பிச்சது. அந்த அம்மா யோசிக்கலை, இழுத்துட்டாங்க. என் ஜோடி டைவர் என்னைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கலை, கூடவே திரும்பிட்டார். அவர் டைவும் என்னால போச்சு. மொத்தம் ஒன்பது நிமிஷம்.

மேல வந்ததும் கையுறையைக் கழட்டினாங்க, ஒரு டம்ளர் தண்ணி கொட்டுச்சு. விரல் நாலும் மெழுகு மாதிரி வெள்ளை. நான் தேய்க்கப் போனேன், கையைத் தட்டி விட்டாங்க. அப்படித் தேய்க்கவே கூடாதாம். ஜாக்கெட்டுக்குள்ள என் அக்குள்ல கையை வைக்கச் சொல்லி, கம்பளியைச் சுத்தி விட்டாங்க. ரத்தம் திரும்ப வர்றப்போ ஒரு வலி வந்தது பாருங்க, அதைப் பத்தி எதுவும் சொல்ல விரும்பலை.

அப்போ அவங்க கேட்டது ஒரே கேள்வி. "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"கீழ போனதுக்கு அப்புறம்"னு சொன்னேன். பொய். அவங்க தலையாட்டிட்டு, சூப் எடுக்கப் போயிட்டாங்க.

சாயங்காலம் கரையில சௌனா சூடு பண்ணியிருந்தாங்க. டைவ் பண்ணவங்க உடனே உள்ள போகக்கூடாது, உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் சூட்டுல குமிழியாக வாய்ப்பு இருக்கு. நான் போயிருந்தது ஆறே மீட்டர் ஆழம்தான். ஆனாலும் வெளிய பெஞ்சுல காத்திருந்தேன், பக்கத்துல அவங்களும். வேற ஏதோ பேசிக்கிட்டு இருந்தப்போ, "ஓரத்துல உக்காந்தப்பவே தெரியும்"னு சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். "ம்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ கீழ ஒரு ஸ்டாண்ட்பை டைவரை நான் அனுப்ப வேண்டி வந்திருந்தா, அவருக்கும் இது தெரியாம இருந்திருக்கும்"னாங்க. அவ்வளவுதான். எனக்கு அது போதுமான அளவுக்கு மேலயே இருந்தது.

அடுத்த வாரம் திரும்பக் கயிறு பிடிச்சேன். அன்னைக்கு இருபது வருஷமா ஐஸ் டைவ் பண்ற ஒருத்தர், முழு கிட்டோட ஓட்டை ஓரத்துல வந்து உக்காந்தார். கால் தண்ணியில. அரை நிமிஷம் அப்படியே இருந்தார். அப்புறம் ரெகுலேட்டரை எடுத்துட்டு, "இன்னைக்கு வேண்டாம்" அப்படின்னார். எங்கயும் லீக் இல்லை, எதுவும் உடையலை. யாரும் "ஏன்?"னு கேட்கலை. கிட் கழட்ட ரெண்டு பேர் உதவி பண்ணாங்க, ஒருத்தர் காபி ஊத்திக் கொடுத்தார். குடிச்சுட்டு அவர் மண்வெட்டியை எடுத்துப் பனி வார ஆரம்பிச்சுட்டார். அந்த ஓட்டையை வெட்ட எங்களுக்கு மூணு மணி நேரம் ஆகியிருந்தது. எனக்குத்தான் உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுச்சு, மத்தவங்க சாசேஜ் சுட்டுக்கிட்டு இருந்தாங்க.

பிப்ரவரி கடைசியில என் முறை திரும்ப வந்தது. கண்ணாடியை அலசினேன். மணிக்கட்டுல அதே ஊசி. இல்லைன்னு நினைக்கப் பார்த்தேன், சத்தியமா. அப்புறம் "கையுறை லீக்"னு சொன்னேன், குரல் கொஞ்சம் கீச்சுன்னு வந்தது. கழட்டினா, வளையம் காய்ஞ்சு இருந்தது. தண்ணியே வரலை, வேர்வைதான் சில்லுன்னு ஆகியிருக்கு. திரும்ப மாட்டி முடிக்கிறதுக்குள்ள டெண்டர்கள் குளிர்ல விறைச்சுட்டாங்க, இன்னைக்கு இது போதும்னு லீடர் சொல்லிட்டார். கட்டியைத் திரும்ப இழுத்து வச்சு ஓட்டையை அடைச்சு, சுத்தி மரக்கிளை நட்டு அடையாளம் வச்சோம். ஸ்கீயில வர்ற யாரும் அதுமேல போயிடக்கூடாதுல்ல. யாரும் என்னை ஒண்ணும் சொல்லலை. காபி மட்டும் தீர்ந்து போயிருந்தது.

மார்ச்ல இந்தப் பக்கம் ஐஸ் இளக ஆரம்பிச்சுடும். அந்த சீசன்ல எனக்குக் கணக்குல ஒரே ஒரு ஐஸ் டைவ்தான். ஒன்பது நிமிஷம். அம்மா இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, விரல் நாலும் நல்லா இருக்கும்மா. அடுத்த வாரம் பார்ப்போம்.