தண்ணீருக்குள் துத்தநாகம்



கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் தியாகதுருகம் உழவர்களுக்குத் துத்தநாகம் புதிய பொருளன்று. நெல் வயலுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதே உப்பைத் தண்ணீரில் கரைத்தால், நாம் இன்று பேச வந்திருக்கும் துத்தநாக அயனிப் பேட்டரியின் மின்பகுளி கிடைத்துவிடும். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு. மறுபக்கம் மாங்கனீசு டை ஆக்சைடோ வனேடியம் ஆக்சைடோ. தீப்பிடிக்கும் கரைப்பான் இதில் இல்லை. ஈரம் நீக்கிய அறையில் செய்ய வேண்டியதில்லை. லித்தியத்துக்காக வெளிநாட்டைப் பார்த்திருக்கவும் தேவையில்லை. ராஜஸ்தானத்து ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை வாலைவடித்து எடுத்த நாடு இது.

டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக் கட்டையின் குவளை துத்தநாகம்தான். அது ஒருமுறை தீர்ந்தால் தூக்கி எறிவது. லேசான அமிலத்தன்மை கொண்ட உப்புக்கரைசலில் துத்தநாகப் பேட்டரியைத் திரும்பத் திரும்ப மின்னேற்றும் முயற்சி ஜப்பானில் 1980களிலேயே நடந்தது. 2012இல் சீனாவின் ஷின்குவா பல்கலைக்கழகத்துக் காங் ஃபெயூ குழுவின் கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் இத்துறை விரைவாக வளர்ந்தது. ஆனாலும் கல்வராயன் மலையின் ஒரு வீட்டுச் சூரிய விளக்குக்கு இந்தப் பேட்டரியைத் துணிந்து கொடுக்க நம்மால் இன்னும் முடியவில்லை. காரணம் ஆனோடு, அதாவது அந்தத் துத்தநாகத் தகடு.

கரைசலில் ஒவ்வொரு துத்தநாக அயனியும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு தகட்டை நோக்கி வருகிறது. தகட்டில் படியும்போது அவற்றை உதறிவிட வேண்டும். அங்கே அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பிளந்து ஹைட்ரஜன் வாயுவாகிறது. துத்தநாகத்தின் மின்னழுத்தம் ஹைட்ரஜனைவிட 0.76 வோல்ட் தாழ்வு என்பதால், தண்ணீரும் துத்தநாகமும் ஒன்றாகக் கிடக்கும்வரை இந்த வினை நடக்கவே பார்க்கும். மெதுவாக நடக்கிறது என்பதுதான் நமக்குள்ள ஒரே வாய்ப்பு. வாயு வெளியேறிய இடத்தில் காரத்தன்மை ஏறுகிறது. உடனே கார ஜிங்க் சல்பேட் செதில்களாகப் படிந்து தகட்டை மூடுகிறது. மூடாத இடங்களில் மின்னோட்டம் குவிகிறது. அங்கே படிவு முள்ளாக நீள்கிறது. முள் நீண்டால் பரப்பு கூடும். பரப்பு கூடினால் வாயு இன்னும் கூடும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. முள்ளை மட்டும் தடுத்துவிட்டு ஆனோடைக் காத்துவிட்டோம் என்று சொல்லும் கட்டுரைகளை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

முந்தைய தலைமுறை இந்த வாயுவை அடக்கப் பாதரசத்தைச் சேர்த்தது. வேலை செய்தது, மண்ணும் நீரும் விலை கொடுத்தன. 1990களில் பாதரசத்தைக் கைவிட்டு இண்டியம், பிஸ்மத் பக்கம் போனார்கள். அந்தப் பாடம் நமக்கு வேண்டும். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துச் சுன்ஷெங் வாங் குழு, ஃப்ளூரின் கொண்ட உப்பை மிக அடர்த்தியாகக் கரைத்து, தண்ணீரைத் துத்தநாக அயனியிடமிருந்து விலக்கிக் காட்டியது. அறிவியலாக அது பெரிய வெற்றி. விலையை நினைத்தால், நம் மலைக்கு உரியதன்று. சுண்ணாம்பின் மூலப்பொருளான கால்சியம் கார்பனேட்டை நுண்துளைப் பூச்சாகத் தடவிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. 2019இல் கார்னெல் பல்கலைக்கழகத்து லிண்டன் ஆர்ச்சர் குழு, கிராஃபீன் மீது துத்தநாகத்தைத் தட்டை தட்டையாக, தகட்டோடு ஒட்டியே படிய வைத்தது. முள்ளைத் தடுப்பதைவிடப் படியும் திசையையே மாற்றிய அந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 100 மைக்ரான் தடிமனுள்ள தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 58 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. அதில் 1 மட்டும் எடுத்து, 1 மட்டும் திருப்பி வைத்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது என்று எழுதுகிறோம். இரண்டு விழுக்காடுகூடப் பயன்படவில்லை. இழப்பை மீதித் துத்தநாகம் மறைத்துவிடுகிறது. கூடுதல் இருப்பு இல்லாத பேட்டரியில் சுற்றுக்கு 99.9 விழுக்காடு திரும்பினாலும், ஆயிரம் சுற்றில் மிஞ்சுவது 37 விழுக்காடுதான். வேகமாக மின்னேற்றினால் அரிப்புக்கு நேரம் கிடைக்காது, எண் அழகாக வரும். மலை வீட்டிலோ வெயில் மெதுவாக ஏற்றும், அடைமழையில் பேட்டரி நாள்கணக்கில் சும்மா கிடக்கும். சமவெளியில் சித்திரை மாதத் தகரக் கூரையின் கீழ் அது கொதிக்கும். அந்த நிலைகளில் அளக்காத பாதுகாப்பைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படி நெடுநாள் அளப்பதற்கான பொறுமை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரியும் அரிப்பும் ஒரே கூரையின் கீழ் ஆராயப்படுகின்றன. மண்டபத்தின் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை நிறுத்திவைத்து, காலம் அவற்றை என்ன செய்கிறது என்று அளந்தவர்கள் அங்கே உண்டு. பேட்டரிக்காரர்களாகிய நாம் அவர்களோடு உட்கார வேண்டும்.

முதல் அமர்வு பூச்சுகளைப் பற்றியது. கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் வரைபடத்தைக் காட்டுமுன் தகட்டின் தடிமன், அதில் பயன்பட்ட பங்கு, பேட்டரி சும்மா கிடந்த நேரம், அப்போதிருந்த வெப்பநிலை ஆகியவற்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.