பால் கலவாத பாஸ்கு முட்டை



உயிர்ப்புத் திருநாள் நெருங்கும் வாரத்தில் புதுச்சேரியின் அடுமனைகளிலும் சாக்லேட் கடைகளிலும் முட்டை வடிவிலும் முயல் வடிவிலும் வார்த்தெடுத்த இனிப்புகள் கண்ணாடிப் பேழைகளை அலங்கரிப்பதைக் காணலாம். பிரெஞ்சுக்காரர் இவ்வூரின் ஆட்சியை 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவிடம் ஒப்படைத்தனர். 1962 ஆகஸ்டு 16 ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவு பெற்றது. ஆட்சி அகன்றது, ஆனால் அவர்களுடைய அடுமனை வழக்கங்கள் சில ஊரோடு ஒன்றிவிட்டன. பாஸ்கு முட்டையும் அவற்றுள் ஒன்று. இம்முட்டையைப் பால் சேர்க்காமல், வீட்டிலேயே, உடலுக்குக் கூடியவரை தீங்கு குறைந்ததாகச் செய்துகொள்ள இயலுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

ஓர் இனிப்பைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடைபெற்ற நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023 இல் வெளிவந்தன. 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சோதித்ததில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் நூற்றுக்கு 26.3 பேர் நீரிழிவு உடையவர் என்று அந்த ஆய்வு கூறிற்று. கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் இதுவே. நால்வரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கும் ஊரில், பிள்ளைகளின் நாவிற்கு எந்த அளவு இனிப்பைப் பழக்குகிறோம் என்பது சிறிய வினா ஆகாது.

முட்டைக்கும் இத்திருநாளுக்கும் உள்ள உறவை முதலில் அறிந்துகொள்வோம். சாம்பல் புதனன்று தொடங்கும் தவக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக நாற்பது நாள், கிறிஸ்தவர்கள் நோன்பு காப்பர். தமிழ்க் கத்தோலிக்கர் ‘ஒருசந்தி’ என்றும் ‘சுத்தபோசனம்’ என்றும் வழங்கிய சொற்கள் இந்நோன்பைச் சார்ந்தவையே. இடைக்கால ஐரோப்பாவில் இவ்விதி கடுமையாக இருந்தது; ஊனோடு பாலும் முட்டையும்கூட விலக்கப்பட்டிருந்தன. ஆனால் நோன்பு மனிதருக்குத்தானே. கோழிகள் வழக்கம்போல் முட்டையிட்டன! சேர்ந்துபோன முட்டைகளைத் திருநாளன்று மந்திரித்து, வண்ணந்தீட்டி, பிள்ளைகளுக்குக் கொடுத்து மகிழ்ந்தனர். பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு விழா வரை ஆலய மணிகள் ஒலிப்பதில்லை அல்லவா? அம்மணிகள் உரோமைக்குப் பறந்து சென்று, திரும்பும்போது முட்டைகளைக் கொண்டுவந்து தோட்டங்களில் உதிர்க்கின்றன என்று பிரான்சு நாட்டுத் தாய்மார் குழந்தைகளுக்குக் கதை சொல்வர். மிஷன் வீதியில் 1791 இல் எழுந்த சென்மராக்கினி அன்னை பேராலயத்தைப் பார்த்து வளரும் புதுச்சேரிக் குழந்தைகளுக்கும் இக்கதை இனிக்கும்.

கோழிமுட்டையின் இடத்தைச் சாக்லேட் பிடித்தது மிகப் பிற்காலத்தில்தான். 1828 இல் ஆலந்து நாட்டு வான் ஊட்டன் குடும்பத்தார் கொக்கோக் கொட்டையைப் பிழிந்து, கொழுப்பை வேறாகவும் தூளை வேறாகவும் பிரிக்கும் முறையைக் கண்டனர். பிரிந்த கொழுப்பைத் தூளோடும் சர்க்கரையோடும் மீண்டும் கலந்து, 1847 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பிரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட்டைச் செய்தது. அதே நிறுவனம் 1873 இல் சாக்லேட் முட்டையை வார்த்தது. சுவிட்சர்லாந்தின் தானியேல் பீட்டர் பாலைச் சேர்த்துச் சாக்லேட் செய்ய வழி கண்டது 1875 இல்.

இந்த ஆண்டு வரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். சாக்லேட்டுக்குப் பால் பிறவித் துணையன்று. பின்னர் வந்து சேர்ந்த விருந்தாளியே. கொக்கோ வெண்ணெய் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. அது கொட்டையிலுள்ள கொழுப்பு. பசுவுக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. பால், நெய், தேன் முதலாக உயிரினங்களிடமிருந்து பெறும் எதையும் கொள்ளாத உணவு நெறியை இன்று ‘நனிசைவம்’ என்கிறோம். ‘வீகன்’ என்ற ஆங்கிலச் சொல் 1944 இல்தான் பிறந்தது. ஆனால் எள்ளும் வெல்லமும் கூடிய எள்ளுருண்டையையும், கடலையும் வெல்லப்பாகும் கூடிய கடலை உருண்டையையும் பெயர் சூட்டாமலேயே நம் முன்னோர் நனிசைவமாகச் செய்து வந்துள்ளனர்.

கொக்கோவும் நமக்கு அயலான மரமாக இன்று இல்லை. 1798 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளைக் குற்றாலத்தில் நட்டனர். கேரளத்தின் வயநாட்டில் 1965 இல் வணிகப் பயிராக அதை வளர்க்கும் முயற்சி தொடங்கியது. தென்னையின் நிழல் கொக்கோவுக்கு ஏற்றது. ஆகவே பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் அது ஊடுபயிராக விளைகின்றது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில் பகுதியில் 2014 இல் தோன்றிய மேசன் அன்ட் கோ நிறுவனம், தென்னிந்தியக் கொக்கோக் கொட்டையிலிருந்தே பால் கலவாத சாக்லேட் செய்து வருகின்றது.

இனிச் செய்முறைக்கு வருவோம். இருபத்து நான்கு சிறு முட்டைகளுக்கு உரிய அளவு இது. உள்ளீட்டுக்கு வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 120 கிராம், நன்கு உலர்ந்த கொப்பரைத் துருவல் 40 கிராம், வறுத்த எள் 20 கிராம், சிறிது ஏலக்காய்ப் பொடி. மேலோட்டுக்குக் கொக்கோ வெண்ணெய் 100 கிராம், இனிப்புச் சேராத கொக்கோத் தூள் 80 கிராம், மாவாகப் பொடித்துச் சலித்த பனங்கற்கண்டு 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

நிலக்கடலையைத் தனியே பொடித்து, பேரீச்சம்பழத்தோடும் ஏனையவற்றோடும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் இடித்தால், கொழுக்கட்டைப் பூரணம்போல் உருண்டு வரும். அதைச் சிறு முட்டைகளாகப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மேலோடு செய்யும்போது இரண்டு செய்திகளை மறவாதீர்கள். முதலாவது, நீர். உருகிய கொழுப்பில் சர்க்கரைத் துகளும் கொக்கோத் துகளும் தனித்தனியே மிதக்கின்றன. ஒரு துளி நீர் விழுந்தாலும் சர்க்கரைத் துகள்கள் அதில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலவை முழுவதும் கட்டிதட்டிப் போகும். கடற்காற்றின் ஈரத்தில் கசியும் வெல்லத்தை விடுத்து, உலர்ந்த பனங்கற்கண்டைக் கூறியதன் காரணம் இதுவே.

இரண்டாவது, வெப்பம். கொக்கோ வெண்ணெய் பலவகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் பளபளப்பும், ஒடித்தால் ‘படக்’ என்னும் உறுதியும் தருவது, ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும் வகையே. அப்படிகத்தைப் பெற, கொக்கோ வெண்ணெயில் மூன்றில் இரு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45 பாகை அளவில் உருக்கி, தூளையும் கற்கண்டையும் உப்பையும் கலக்க வேண்டும். பிறகு இறக்கி, சீவி வைத்த எஞ்சிய பங்கைச் சிறிது சிறிதாக இட்டு, 31 அல்லது 32 பாகைக்கு ஆறும்வரை கிளற வேண்டும். உருகாத அச்சீவல்கள், பாலுக்கு உறைமோர்போல, நல்ல படிகத்துக்கு வித்தாகின்றன. இப்போது பூரண முட்டைகளை முள்கரண்டியால் ஒவ்வொன்றாக இதில் தோய்த்து, எண்ணெய்த் தாளின் மேல் வைத்து உறைய விடலாம். சித்திரை வெயிலில் புதுச்சேரியின் காற்றே 34 பாகையைத் தாண்டிவிடும். ஆதலின் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தே வழங்க வேண்டும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் சேர்ப்பாரும் உண்டு. அது 24 பாகையிலேயே உருகுவதால், எடுத்த கையிலேயே இளகிவிடும்.

இம்முட்டை உடலுக்கு உகந்ததா? இங்கே நாம் நேர்மையோடு கணக்குப் பார்க்க வேண்டும். பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு சர்க்கரை. அதனையும் கற்கண்டையும் கூட்டினால் 140 கிராம். ஒரு முட்டைக்கு ஆறு கிராம் அளவில் வரும். அதே எடையுள்ள பால் சாக்லேட்டில் பாதி சர்க்கரை என்று கொண்டால், பதினொரு கிராம். ஆக, சர்க்கரையில் பாதியளவு குறைத்துவிட்டோம். ஆனால் கொழுப்பைக் குறைத்தோமில்லை. ஒரு முட்டை தரும் ஆற்றல் நூறு கலோரிக்குக் குறையாது. பனங்கற்கண்டும் வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையின் உறவினரே. நிறமும் மணமும் வேறுபடலாம். இரத்தத்தில் கலந்தபின் அவை காட்டும் சலுகை மிகச் சிறிது. நீரிழிவு உள்ளவர்கள் ‘நனிசைவம்’ என்ற பெயரை நம்பி இதனை விருப்பம்போல் உண்ணலாகாது. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அருகிலும் செல்லலாகாது.

பெயரைக் கொண்டு பண்டத்தை அளக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். உறையின் மேலுள்ள பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கும். பால் இல்லை என்பதைக் குறிக்காது. நனிசைவ உணவுக்கென்று இந்திய அரசு 2022 இல் தனி விதிகளை வகுத்து, தனி முத்திரையும் தந்துள்ளது. அந்த முத்திரையும்கூடச் சர்க்கரையின் அளவைச் சொல்லாது. உறையின் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக மலிவான வேறு தாவரக் கொழுப்புகள் சேர்ந்த பண்டங்களும் சாக்லேட்டின் கோலத்தில் நம்மிடம் வருகின்றன. நம் அடுக்களையில் செய்வதன் பெரிய நன்மை இதுதான்: உள்ளே என்ன சேர்ந்தது, எவ்வளவு சேர்ந்தது என்பதை நம் கையே அறியும்.

கொக்கோ மரத்துக்குத் தாவரவியல் அறிஞர் லின்னேயசு 1753 இல் ‘தேவர்களின் உணவு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். தேவர்களின் உணவை நாம் அமுது என்போம். அமுதும் அளவு கடந்தால் நஞ்சாகும் என்பது நம் நாட்டுப் பாட்டிமார் எல்லோரும் அறிந்த உண்மை. நாற்பது நாள் அடக்கத்துக்குப் பின் வரும் ஒரு நாள் மகிழ்ச்சியின் அடையாளமாகவே பாஸ்கு முட்டை பிறந்தது. அடக்கம் இருந்ததனால்தான் அந்த ஒரு நாள் இனித்தது. ஆகவே, இருபத்து நான்கு முட்டைகளைச் செய்யுங்கள். ஒன்றை நீங்கள் உண்டு, மற்றவற்றை அண்டை வீடுகளுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் பகிர்ந்து கொடுங்கள். இனிப்பைக் குறைப்பதற்கு அதனினும் இனிய வழி வேறில்லை.