ஷங்ஹாய்: தோற்ற நகரம் சொல்லும் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



“தோற்றுப்போன போராட்டம் வீணான போராட்டமா?” என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் அன்றாட வாழ்க்கையிலிருந்து சான்று காட்டினார்கள். நான் வரலாற்றிலிருந்து ஒரு நகரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது 1937ஆம் ஆண்டின் ஷங்ஹாய்.

அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி பெய்ஜிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் தொடங்கிய மோதல், ஆகஸ்ட் 13இல் ஷங்ஹாய்க்கு வந்தது. சில மாதங்களில் சீனா பணிந்துவிடும் என்று ஜப்பானியத் தலைமை நினைத்தது. ஆனால் அந்த ஒரு நகரத்தைப் பிடிக்கவே மூன்று மாதம் ஆனது. சீனத் தரப்பில் சுமார் 7 லட்சம் வீரர்கள் களமிறங்கினார்கள். ஜெர்மானிய ஆலோசகர்கள் பயிற்றுவித்த 87, 88ஆம் டிவிஷன்களும் அவற்றில் அடங்கும். எதிரியிடமோ போர்க்கப்பல்களும் டாங்கிகளும் விமானங்களும் குவிந்திருந்தன. லுவோடியன் என்ற சிற்றூரில் பகலில் ஜப்பானியர் பிடித்த இடத்தை இரவில் சீனர் மீட்பார்கள். விடிந்ததும் மறுபடி இழப்பார்கள். மனித உடல்களை அரைக்கும் ஆலை என்றே அந்த ஊருக்குப் பெயர் வந்துவிட்டது.

பொதுமக்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஆகஸ்ட் 14இல் ‘இசுமோ’ என்ற ஜப்பானியக் கப்பலைக் குறிவைத்த சீன விமானங்களின் குண்டுகள், தவறிப்போய் நெரிசலான வீதிகளில் விழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போரில் நல்லவன் வீசும் குண்டும் அப்பாவியைத்தான் கொல்கிறது.

அக்டோபர் இறுதியில் சீனப் படை நகரின் வடபகுதியைவிட்டு விலகியது. அப்போது சிஹாங் கிடங்கில் ஒரு சிறு படை மட்டும் நிறுத்தப்பட்டது. நான்கு வங்கிகள் சேர்ந்து கட்டிய கிடங்கு அது. தலைமை தாங்கியவர் சியே ஜின்யுவான். எதிரியைக் குழப்ப 800 பேர் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் இருந்தவர்கள் சுமார் 400 பேர்தான்.

கிடங்கை ஒட்டி ஓடியது சூச்சோவ் ஓடை. மறுகரையில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் பிறரும் நிர்வகித்த அனைத்துலகக் குடியிருப்பு. அங்கே போர் இல்லை. மக்கள் கரையிலும் கூரைகளிலும் நின்று எதிர்க்கரைச் சண்டையைக் கண்ணால் பார்த்தார்கள். யாங் ஹுய்மின் என்ற சாரணப் பெண் இரவில் ஒரு கொடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கூரையில் அந்தக் கொடி பறந்ததைக் கண்டு மறுகரை ஆரவாரித்தது.

நேயர்களே, இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். வெளிநாடுகள் இதைப் பார்க்க வேண்டும், உதவிக்கு வர வேண்டும் என்பது தலைவர் சியாங் கை ஷேக்கின் கணக்கு. நவம்பர் 3இல் பிரஸ்ஸல்ஸில் வல்லரசுகளின் மாநாடு கூடியது. அதை எதிர்பார்த்து, பின்வாங்கும் உத்தரவைத் தள்ளிப்போட்டார். மாநாடோ வெறும் அறிக்கையோடு கலைந்தது. அதற்குள் நவம்பர் 5இல் ஜப்பானியர் தெற்கே ஹாங்சோவ் விரிகுடாவில் தரையிறங்கிப் பின்புறத்தை மடக்கினார்கள். ஒழுங்காக விலகியிருக்க வேண்டிய படை சிதறி ஓடியது. நவம்பர் 12இல் நகரம் வீழ்ந்தது. சீனத் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் சுமார் 2 லட்சம் அல்லது அதற்கும் மேல். தலைநகர் நான்ஜிங்கைக் காக்கத் தேறிய படை மிஞ்சவில்லை. டிசம்பர் 13இல் அதுவும் வீழ்ந்தது. அங்கே நடந்த படுகொலையை உலகம் அறியும்.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை என்கிறேன். அந்த மூன்று மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. சீனா பணியாது என்பது உறுதியானது. அந்த நம்பிக்கை நம் மண்ணையும் தொட்டது. 1938 அக்டோபரில் சிங்கப்பூரில் டான் கா கீ தலைமையில் தென்கிழக்காசியச் சீனர்களின் நிவாரண நிதிச் சம்மேளனம் உருவானது. 1939இல் இந்த வட்டாரத்திலிருந்து 3,000க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் பர்மா சாலையில் வேலை செய்யப் புறப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. 1941 டிசம்பர் 8இல் அதே ராணுவம் கோத்தா பாருவில் இறங்கியது. பிறகு சிங்கப்பூரில் சீனர்கள் கொன்று குவிக்கப்பட்டதும், தோட்டத்துத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை. ஓடைக்கு அப்பால் எரிந்த நெருப்பு வேறு யாருடைய வீட்டு நெருப்போ என்று அன்று பலரும் நினைத்தார்கள். நான்கே ஆண்டில் அது நம் வாசலுக்கு வந்தது.

ஆகவே என் முடிவு இதுதான். போராடியவனின் தியாகம் வீணல்ல. ஆனால் அவன் உயிரைப் பிறர் பார்வைக்கு வைத்துப் பேரம் பேசிய தலைமை, வரலாற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ‘வீரம், வீரம்’ என்று கைதட்டுவதால் அந்தக் கணக்கு மறைந்துவிடக் கூடாது. கைதட்டியவர்கள் அன்றும் மறுகரையில் இருந்தார்கள்.

சிஹாங் கிடங்கு இன்றும் நிற்கிறது. 2015இல் அது நினைவகமானது. மேற்குச் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை அப்படியே காட்டுகிறார்கள். ஷங்ஹாய் போகிறவர்கள் கடைத்தெருவுக்குப் போவதற்கு முன் அந்தச் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.