கல்லுக்கு எண், எண்ணுக்கு ஏடு

(குறுவளமையக் கூட்டத்தில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கம்போடியாவின் அங்கோர்வாட் படத்தைக் காட்டி, "எவ்வளவு பெரிய கோயில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த வட்டாரத்தில் இடிந்து கிடந்த கோயில்களை நிமிர்த்தும் வித்தையை யார் யாரிடம் கற்றார்கள் என்பதை நாம் சொல்வதில்லை.

1930இல் ஆன்றி மார்ஷால் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜாவாவுக்குப் போனார். அங்கே டச்சுக்காரர்கள் சரிந்த கற்களைப் பிரித்து, எண்ணிட்டு, இல்லாத கல்லுக்கு மட்டும் புதுக்கல் வைத்து, பழைய இடத்திலேயே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கு அனஸ்டைலோசிஸ் என்று பெயர். அதைக் கற்றுவந்து 1931இல் பந்தே ஸ்ரெய் என்ற சிறு கோயிலில் தொடங்கினார். கோயில் எழுந்தது. அடிமை நாடுகளை ஆண்டவர்களுக்கு இடையே நடந்த பரிமாற்றம்தான் இது; அதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாபுவன் கோயில். 1960களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அதைப் பிரித்து, ஏறத்தாழ 3 லட்சம் கற்களைச் சுற்றிலும் பரப்பிவைத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தது, வேலை நின்றது. 1975இல் கெமர் ரூஜ் படை தலைநகரைப் பிடித்தபின் எந்தக் கல் எங்கே என்ற குறிப்பேடுகள் அழிந்தன. கல் இருக்கிறது, கணக்கு இல்லை! 1995இல் மீண்டும் தொடங்கியவர்களுக்குப் பாரிசில் இருந்த பழைய புகைப்படங்கள் கைகொடுத்தன. வேலை முடிய 2011 ஆயிற்று.

இதை வகுப்பில் பானையால் நடத்தினேன். இரண்டு பழைய பானைகளை உடைத்து, சில்லுகளுக்கு எண்ணிட்டு வரைந்துகொண்டேன். ஒரு குழுவுக்கு வரைபடம் கொடுத்தேன்; மற்றதற்கு இல்லை. முதல் குழு ஒரே பாடவேளையில் முடித்தது. இரண்டாம் குழு கழுத்தைத் தாண்டவில்லை. "இன்னொரு நோட்டுலயும் எழுதி வேற ஊர்ல வச்சிருக்கலாம்ல சார்?" என்றாள் ஒரு மாணவி.

1993இல் அங்கோருக்கென ஒரு பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. பிரான்சும் ஜப்பானும் இணைத்தலைமை, யுனெஸ்கோ செயலகம். எந்த நாடு எந்தக் கோயிலில் வேலை செய்தாலும் அதைச் சக நாடுகளின் முன் வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்பு அங்கோர்வாட்டில் நம் இந்தியத் தொல்லியல் துறை செய்த பணியும், கற்களை வேதிப்பொருளால் சுத்தம் செய்ததற்காகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பிறகு அதே துறை, தா ப்ரோம் கோயிலில் கம்போடிய அதிகாரிகளோடு சேர்ந்து இறங்கியது. கட்டுமான ஆய்வுக்கு நம் சென்னை ஐ.ஐ.டி.யும், மரங்களுக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் துணை நின்றன.

அங்கே சிக்கலே மரம்தான். விட்டால் வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். வெட்டினால் வேர் அழுகி, அது தாங்கும் சுவர் சாயும். பார்க்க வருபவர்களுக்கோ மரத்தோடு சேர்ந்ததுதான் கோயில். "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசினார்கள். மரத்தின் பக்கமே கூட்டம் அதிகம்.