வண்டி வயர்லெஸ்ஸில் இரைச்சலா? வழியைக் கண்டுபிடியுங்கள்!



ஆம்புலன்ஸ் வயர்லெஸ்ஸில் "கொய்ங்" என்று இரைந்தால், சொன்ன வீட்டு எண் ஏழா எட்டா என்று புரியாது. தேடி அலைவதற்குள் ஓர் உயிர் போய்விடலாம்.

உடனே ஃபில்டர் வாங்க ஓடாதீங்க. இன்ஜின் ஓடும்போது ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். (அப்போது மைக் பட்டனை அழுத்தக் கூடாது, டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிடும்.) அந்த இரைச்சல் தொடர்ந்தால் அது பேட்டரி ஒயர் வழியாக வருகிறது; நின்றால் ஆன்டெனா வழியாக.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறுதா? ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். 'டப டப' என்றால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக். டீசலில் பிளக் பொறியே கிடையாது. வைப்பர், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கணும்.

ஒயர் வழி என்றால், செட்டுக்குப் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஆன்டெனா வழி என்றால், பெயின்டைச் சுரண்டிவிட்டு, பானெட்டையும் பாடியையும் எர்த் பட்டையால் இணையுங்கள். அப்புறம்தான் ஃபில்டர்.

தம்பிகளா, லேபில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வார்களே, அந்தப் பழக்கம்தான் வெளியே வந்தபின் கைகொடுக்கும்.